இன்ச்சை விடுங்கள், அகலத்தைப் பாருங்கள்: கைக்கு அடங்கும் போனும் நாள் முழுக்கத் தாங்கும் பேட்டரியும்

2020 நவம்பரில் ஐபோன் 12 மினி விற்பனைக்கு வந்தபோது, சின்ன போன் வேண்டும் என்று பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஒருவழியாகப் பதில் கிடைத்தது. 5.4 இன்ச் திரை, 64.2 மி.மீ. அகலம், எடை 135 கிராம்தான். உள்ளே இருந்தது பெரிய அண்ணனான ஐபோன் 12-இல் இருந்த அதே சிப், அதே கேமரா. விட்டுக்கொடுத்தது ஒன்றைத்தான்: பேட்டரி 2227 எம்ஏஎச் (பேட்டரி எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்பதன் அளவு). ஐபோன் 12-இல் அது 2815.

அந்தப் பேட்டரிதான் மினியின் கதையை முடித்தது என்று பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். அடுத்த வருஷமே 13 மினியில் ஆப்பிள் பேட்டரியைப் பெரிதாக்கியது. வீடியோ ஓடும் நேரம், ஆப்பிள் சொல்லும் கணக்குப்படி, 15 மணியிலிருந்து 17 மணிக்கு ஏறியது. முந்தைய வருஷத்துச் சாதாரண ஐபோன் 12 தாங்கிய அதே 17 மணி நேரம். அப்படியும் ஆள் வரவில்லை. 2022-இல் வந்த ஐபோன் 14 வரிசையில் மினி இல்லை, அதன் இடத்தில் 6.7 இன்ச் பிளஸ் வந்தது. 2023 செப்டம்பரில் 13 மினியையும் ஆப்பிள் நிறுத்திவிட்டது.

ஆண்ட்ராய்டு பக்கமும் இதே கதைதான். 2014-இல் சோனியின் எக்ஸ்பீரியா இசட்3 காம்பாக்ட் 129 கிராம் எடையில், 65 மி.மீ. அகலத்துக்குள், 2600 எம்ஏஎச் பேட்டரியோடு வந்தது. அந்தக் காலத்துக்கு அது தாராளம். பிறகு அந்த வரிசை நின்றுபோனது. ஏசூஸ் நிறுவனம் ஜென்போன் 8, 9, 10 என்று மூன்று வருஷம் விடாப்பிடியாக 5.9 இன்ச் போன்களைச் செய்தது. 2024-இல் வந்த ஜென்போன் 11 அல்ட்ராவின் திரை 6.78 இன்ச்.

இதையெல்லாம் பார்த்தால், சின்ன போன் என்றால் சாயங்காலத்துக்குள் சார்ஜ் தீரும், சார்ஜ் நிற்க வேண்டுமென்றால் கை வலிக்கத்தான் வேண்டும் என்ற எண்ணம் நமக்கு ஏன் வந்தது என்று புரியும். பத்து வருஷத்துக்கு மேல் அது சரியான கணக்காகவும் இருந்தது. 2023-க்குப் பிறகு பேட்டரிக்குள் இருக்கும் பொருளே மாறியதால், இந்தக் கணக்கும் மாறிக்கொண்டிருக்கிறது. கடைக்குப் போகும் நம்மில் பெரும்பாலோர் இன்னும் பழைய கணக்கை நம்பியே போன் வாங்குகிறோம். அதனால் தினமும் கையை வருத்திக்கொள்கிறோம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கையைப் பார்த்து அளவைத் தேர்ந்தெடுங்கள், அந்த அளவுக்குள் எது நல்ல பேட்டரி என்று அப்புறம் தேடுங்கள். சார்ஜ் போதாவிட்டால் அதற்கு வழி இருக்கிறது. கைக்கு அடங்காத போனுக்கு ஒரு வழியும் இல்லை.

பெரிய போனில் சார்ஜ் ஏன் நிற்கிறது

போனின் முதுகைக் கழற்றிப் பார்த்தால் மேலே மெயின் போர்டும் கேமராக்களும், கீழே ஸ்பீக்கரும் சார்ஜிங் வாயும் அதிர்வு மோட்டாரும் இருக்கும். சிம் தட்டு ஒரு ஓரத்தில். போன் சின்னதானால் இவை பெரிதாகச் சுருங்குவதில்லை. எல்லாம் இடம் பிடித்த பிறகு மிஞ்சுவதுதான் பேட்டரிக்கு. அதனால் உடம்பைக் கொஞ்சம் குறைத்தாலும் பேட்டரி அதைவிட அதிகமாகக் குறையும்.

12 மினியின் நீளம், அகலம், தடிமன் மூன்றையும் பெருக்கினால் சுமார் 62 கன சென்டிமீட்டர் வரும். அதே வருஷத்து 12 புரோ மேக்ஸுக்கு 93. ஆக, உடம்பு ஒன்றரை மடங்கு. பேட்டரியோ 2227-இலிருந்து 3687-க்குப் போகிறது, ஏறக்குறைய 1.65 மடங்கு. இருக்கிற இடத்தில் பேட்டரிக்குக் கிடைக்கும் பங்கே பெரிய போனில் கூடுதல்.

செலவுப் பக்கமும் பெரிய போனுக்குச் சாதகமாகவே இருக்கிறது. திரையின் பரப்பும் ஒன்றரை மடங்கு கூடுகிறது, அதற்கேற்ப மின்சாரமும் கூடும். ஆனால் சிப், மோடம், ஜிபிஎஸ் இவையெல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இழுக்கும். இவ்வளவு சாதகம் இருந்தும், ஆப்பிள் கணக்கில் புரோ மேக்ஸ் ஓட்டியது 20 மணி நேரம், மினி 15 மணி நேரம். 65 சதவீதம் கூடுதல் பேட்டரிக்கு 33 சதவீதம் கூடுதல் நேரம். மிச்சத்தில் பெரும்பங்கைப் பெரிய திரையே குடித்துவிடுகிறது. பெட்டியில் போட்டிருக்கும் எம்ஏஎச் எண்ணை அப்படியே மணிக்கணக்காக மாற்றிப் பார்க்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

இன்னொன்றும் நடக்கிறது, அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நல்ல உறுப்புகளை நிறுவனங்கள் விலை உயர்ந்த போன்களுக்கென்று ஒதுக்கி வைக்கின்றன. ஐபோன் 13-உம் 13 புரோவும் ஒரே 6.1 இன்ச். 13-இல் ஏறத்தாழ 3200 எம்ஏஎச், புரோவில் ஏறத்தாழ 3100. குறைந்த பேட்டரி உள்ள புரோ 22 மணி நேரம் வீடியோ ஓட்டும், கூடுதல் பேட்டரி உள்ள 13 ஓட்டுவது 19 மணி நேரம்தான். படம் அசையாதபோது, அதைப் புதுப்பிக்கும் வேகத்தை நொடிக்கு 10 தடவை வரை குறைத்துக்கொள்ளும் திரை புரோவுக்குத்தான் கிடைத்தது. அந்தத் திரையை 13 மினிக்கும் கொடுத்திருந்தால் அதன் பெயர் இவ்வளவு கெட்டிருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். மினி தோற்றதற்கு அளவு மட்டும் காரணமில்லை. விலை குறைந்த பாகங்களோடு களத்தில் இறக்கிவிட்டுச் சின்ன போனே விற்காது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

நம் ஊரில் இன்னும் இரண்டு விஷயத்தைச் சேர்க்க வேண்டும். ஒன்று சிக்னல். டவர் தொலைவில் இருந்தால் போன் தன் குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது, 200 மில்லிவாட் வரை அனுப்பும் திறன் அதற்கு உண்டு. ரயிலில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே, மலைப்பாதையில், கான்கிரீட் கட்டடத்தின் உள்ளறையில் பேட்டரி சரசரவென்று இறங்குவது அதனால்தான். இந்தச் செலவு சின்ன போனுக்கும் பெரிய போனுக்கும் ஒன்று. இருப்பு குறைவாக உள்ள சின்ன போனில் அது பளிச்சென்று தெரியும். இரண்டாவது வெயில். வெளிச்சத்தில் எழுத்து தெரிய திரை முழு ஒளியில் எரியும், உடம்பும் சூடாகும். சூட்டை வெளியே விடுவதற்குச் சின்ன உடம்பில் பரப்பு குறைவு. சித்திரை வெயிலில் மேப் பார்த்தபடி வண்டி ஓட்டுகிறவரின் போன், சூடேறியதும் திரையை மங்கலாக்கும், சார்ஜ் ஏறுவதையும் நிறுத்தும்.

இன்ச் ஏமாற்றும்

போனின் அளவை இன்ச்சில் சொல்லியே பழகிவிட்டோம். அது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு உள்ள தூரம். கை அதைப் பிடிப்பதில்லை. கை பிடிப்பது அகலத்தை.

2014-இல் வந்த ஐபோன் 6 பிளஸ்ஸின் திரை 5.5 இன்ச். உடம்பு 158.1 மி.மீ. நீளம், 77.8 மி.மீ. அகலம். 2020-இன் 12 புரோ மேக்ஸ் திரை 6.7 இன்ச், உடம்பு 160.8, 78.1. கைக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். மேலும் கீழும் இருந்த பட்டையும் ஹோம் பட்டனும் போய், திரை நீண்டு ஒல்லியானது. 2017 வாக்கில் எல்ஜி ஜி6, கேலக்ஸி எஸ்8 போன்ற போன்களோடு இந்த நீளத் திரைகள் பரவின. அதற்கு முன்னும் பின்னும் வந்த போன்களை இன்ச் வைத்து ஒப்பிடுவது வீண் வேலை.

கைக்குள் அடங்காத போனை யாரும் வாங்கப் போவதில்லை என்று 2010-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் சொன்னார். அடுத்த வருஷமே சாம்சங் 83 மி.மீ. அகலத்தில் முதல் கேலக்ஸி நோட்டைக் கொண்டுவந்து விற்றுக் காட்டியது. அதன் திரை 5.3 இன்ச் மட்டுமே. 2025-இல் வந்த 6.9 இன்ச் எஸ்25 அல்ட்ராவின் அகலம் 77.6. எண்களை இப்படி வரிசையாக வைத்துப் பார்த்தால், இன்ச் கணக்கில் நாம் எவ்வளவு தூரம் வழி தவறியிருக்கிறோம் என்பது விளங்கும்.

என் அனுபவத்தில், 68 மி.மீ. வரை அகலமுள்ள போன் பெரும்பாலான கைகளுக்கு நிம்மதி. கட்டைவிரல் எதிர் ஓரத்தைப் பிடியை மாற்றாமலே தொடும். 70 முதல் 72 வரை நடுத்தரம்: கை பெரிதாக உள்ளவர்களுக்குச் சிரமமில்லை, மற்றவர்கள் மேல் பகுதிக்குக் கொஞ்சம் எட்ட வேண்டியிருக்கும். 75-ஐத் தாண்டினால் அதை இரண்டு கைப் போன் என்றே எண்ணி வாங்குங்கள். கடையில் பார்த்த அகலத்தோடு பேக் கவருக்கு இரண்டு மூன்று மி.மீ. கூட்டிக்கொள்ளவும் மறக்காதீர்கள். தடிமனான கவர் போட்டதும் 71 மி.மீ. போன் 74 ஆகிவிடும்.

கை என்ன சொல்கிறது

2013-இல் ஸ்டீவன் ஹூபர் என்ற வடிவமைப்பாளர் தெருவிலும் பேருந்திலும் கடைகளிலும் போன் வைத்திருந்த 1333 பேரைக் கவனித்துக் குறித்து வைத்தார். அந்த நேரத்தில் திரையைத் தொட்டுக்கொண்டிருந்தவர்கள் 780 பேர். அவர்களில் 49 சதவீதம் பேர் ஒரே கையில் போனைப் பிடித்து அதே கையின் கட்டைவிரலால் இயக்கினார்கள். 36 சதவீதம் பேர் ஒரு கையில் ஏந்தி மறு கையால் தொட்டார்கள். பிடி அடிக்கடி மாறிக்கொண்டே இருந்ததையும் அவர் எழுதினார். அன்றைய போன்கள் சின்னவை என்பது உண்மைதான். ஆனால் ஒரு கை வேறு வேலையில் இருக்கும்போதுதான் மனிதர்கள் ஒரு கையால் போனை இயக்குகிறார்கள், அந்த நிலைமை இன்றும் மாறவில்லை. பேருந்தில் ஒரு கை கம்பியில், சந்தையில் ஒரு கையில் காய்கறிப் பை, இன்னொரு கையால் கியூஆர் ஸ்கேன் செய்து யுபிஐ பின் போட வேண்டும். இடுப்பில் குழந்தை இருக்கும்போது டாக்டருக்கு போன் போட வேண்டும். இந்த நேரத்தில் 78 மி.மீ. போன் கையை விட்டு நழுவுமா என்ற பயத்தோடே நாள் போகும்.

எடையும் இதில் சேரும். 12 மினி 135 கிராம், 12 புரோ மேக்ஸ் 228. கிட்டத்தட்ட 90 கிராம் வித்தியாசம் என்றால் சின்னதாகத் தோன்றும். ஆனால் படுத்துக்கொண்டோ நின்றுகொண்டோ அரை மணி நேரம் பிடித்தால், அந்த எடையைப் பெரும்பாலும் சுண்டுவிரலே அடியில் நின்று தாங்குகிறது. அதோடு, கட்டைவிரல் மேலே எட்டும்போது பிடி தளர்கிறது, நீளமான போனின் எடை மையம் கைக்கு மேலே இருப்பதால் போன் பின்னால் சாயப் பார்க்கும். பெரிய போன்கள் அதிகம் கீழே விழுவது கவனக்குறைவால் மட்டுமல்ல.

கையளவில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சராசரியாக வித்தியாசம் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் சந்தையில் உள்ள போன்களின் அளவு ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போனது. பை இல்லாத சுடிதாரும் புடவையும் உடுத்துகிறவர்கள் போனை எப்போதும் கையிலேயே வைத்திருக்கிறார்கள். அதனால் எடையும் அகலமும் அவர்களுக்குத்தான் அதிகம் உறுத்தும். இது எனக்கு உண்மையிலேயே கோபம் தரும் விஷயம். பாதிப் பேரின் கையை மறந்துவிட்டு ஒரு பொருளை எல்லோருக்கும் பொது என்று சொல்ல முடியாது.

மென்பொருளில் கொஞ்சம் மருந்து போட்டிருக்கிறார்கள். 2014-இல் ஐபோன் 6-உடன் திரையைக் கீழே இழுக்கும் வசதி வந்தது. சாம்சங் தன் போன்களுக்கென்று 2018-இல் அறிவித்த ஒன் யுஐ என்ற திரை வடிவமைப்பு, பட்டன்களைத் திரையின் கீழ்ப்பாதிக்குக் கொண்டுவந்தது. 2021-இல் ஐபோனின் சபாரி உலாவியில் முகவரிப் பட்டை கீழே இறங்கியது, ஆண்ட்ராய்டு 12-இல் ஒரு கைப் பயன்முறை சேர்ந்தது. நல்ல வசதிகள்தான், போன் வாங்கியவுடன் அமைப்புகளில் போய் இவற்றை இயக்கி வையுங்கள். ஆனால் எடைக்கு மென்பொருளில் மருந்து இல்லை.

மடக்கும் போன் வாங்கினால் தீர்ந்துவிடுமா என்று கேட்கிறார்கள். கேலக்ஸி இசட் ஃபிளிப் 6 மாதிரியான போன் பாக்கெட்டுக்கு நல்லது. திறந்த பிறகு அது 72 மி.மீ. அகலமும் 165 மி.மீ. நீளமும் உள்ள முழு நீளப் போன்தான்.

மெலிசான போன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025-இல் வந்த ஐபோன் ஏரின் தடிமன் 5.6 மி.மீ., எடை 165 கிராம், பேட்டரி 3149 எம்ஏஎச். அதே வருஷம் வந்த கேலக்ஸி எஸ்25 எட்ஜ் 5.8 மி.மீ., 163 கிராம், 3900 எம்ஏஎச். எடை குறைந்தது நல்லதே. ஆனால் இரண்டுமே ஏறக்குறைய 75 மி.மீ. அகலம். கை அதிகம் குறை சொல்லாத அளவு தடிமன்தான். அதைக் குறைத்து, பேட்டரியையும் இழந்து, கை உண்மையில் கஷ்டப்படும் அகலத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். ஏசூஸ் செய்தது இதற்கு நேர் எதிர். ஜென்போன் 9-இன் அகலம் 68.1, தடிமன் 9.1, எடை 169 கிராம், பேட்டரி 4300. ஒரு மி.மீ. தடித்த போனைக் கையில் எடுத்தவர்கள் அதை அடுத்த நாளே மறந்துவிடுவார்கள். அகலத்தை மறக்க முடியாது.

தமிழில் படிப்பவருக்கு ஒரு கூடுதல் கணக்கு

பெரிய திரைக்கு நியாயமான ஒரு காரணம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஆங்கில விசைப்பலகையில் ஒரு வரிசைக்கு அதிகபட்சம் பத்து எழுத்து. தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம், மேல் வரிசையில் மட்டும் பன்னிரண்டு. 60 மி.மீ. அகலத் திரையில் பன்னிரண்டு விசையை அடுக்கினால் ஒன்றுக்கு 5 மி.மீ. கிடைக்கும். கட்டைவிரலின் நுனி அதைவிடப் பெரிது. அதனால்தான் சின்ன போனில் தமிழ் அடிக்கும்போது ன-வுக்குப் பதில் ற-வோ ட-வோ வந்து விழுகிறது. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் முறைக்கோ குரலில் சொல்லி எழுதும் முறைக்கோ பழகினவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

படிப்பதும் அப்படியே. ண, ன, ஞ, ணை என்று சுழிகள் நிறைந்த எழுத்து. ஆங்கிலத்துக்குப் போதுமான எழுத்தளவு தமிழுக்கு நெருக்கமாகத் தெரியும். நம் சொற்களும் நீளமானவை. ‘கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு’ என்ற ஒரே சொல் சின்னத் திரையில் முக்கால் வரியை எடுத்துக்கொள்ளும். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்கள், பிடிஎஃப்-ஆகப் பத்திரிகை படிக்கிறவர்கள் பெரிய திரை கேட்டால் அது ஆடம்பரம் இல்லை. அவர்களுக்கு என் யோசனை: முதலில் 70 முதல் 72 மி.மீ. அகலமுள்ள போனில் எழுத்தளவை இரண்டு படி ஏற்றிப் பாருங்கள். அதில் வரி அடிக்கடி உடைந்து எரிச்சலூட்டினால் மட்டும் பெரியதற்குப் போங்கள்.

பேட்டரிக்குள் நடந்த மாற்றம்

லித்தியம் அயனி பேட்டரியில் சார்ஜ் ஏறும்போது லித்தியம் போய்த் தங்கும் இடம் எதிர்மின்முனை. முப்பது வருஷமாக அது பெரும்பாலும் கிராஃபைட். ஒரு கிராம் கிராஃபைட் அதிகபட்சம் 372 எம்ஏஎச் தாங்கும். சிலிக்கான் ஏறக்குறைய 3600, அதாவது பத்து மடங்கு. இது விஞ்ஞானிகளுக்குப் பல காலமாகத் தெரியும். ஆனால் லித்தியத்தை வாங்கியதும் சிலிக்கான் மூன்று மடங்குக்கு மேல் ஊதும், சார்ஜ் இறங்கியதும் சுருங்கும். திரும்பத் திரும்ப ஊதிச் சுருங்கி நொறுங்கிவிடும்.

பேட்டரி ஊதுவதற்கு இடம் விடாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2016-இல் உலகமே பார்த்தது. கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்து, திரும்பப் பெறப்பட்டு, உற்பத்தியே நின்றது. 2017 ஜனவரியில் சாம்சங் வெளியிட்ட விளக்கத்தின்படி, ஒரு தயாரிப்பாளரின் பேட்டரியில் மேல் மூலை நெருக்கப்பட்டு எதிர்மின்முனை வளைந்திருந்தது, இன்னொருவருடையதில் பற்றவைப்பில் பிசிறு இருந்தது. மெல்லிய உடம்புக்குள் அதிகம் திணிப்பதில் உள்ள ஆபத்தை அது எல்லோருக்கும் உணர்த்தியது.

சிலிக்கானைத் தனியாகப் போடாமல், கார்பன் கூட்டுக்குள் நுண்ணிய அளவில் பொதித்து, கிராஃபைட்டோடு கலந்து பயன்படுத்துவதே இப்போதைய வழி. ஊதினாலும் அந்தக் கூட்டுக்குள் இடம் இருக்கும். 2023-இல் ஹானர் மேஜிக்5 புரோவின் சீனப் பதிப்பு இப்படிப்பட்ட பேட்டரியோடு வந்தது. அடுத்த இரண்டு வருஷத்தில் சீன நிறுவனங்கள் எல்லாம் இதில் இறங்கின.

அதன் பலன் இந்தியக் கடைகளுக்கும் வந்துவிட்டது. 2025 ஜூனில் வந்த ஒன்பிளஸ் 13எஸ்: 6.32 இன்ச், 71.7 மி.மீ. அகலம், 185 கிராம், பேட்டரி 5850 எம்ஏஎச். ஜூலையில் வந்த விவோ எக்ஸ்200 எஃப்இ: 6.31 இன்ச், 71.8 மி.மீ., 186 கிராம், 6500 எம்ஏஎச். அதே வருஷத்து சாம்சங் கேலக்ஸி எஸ்25: 6.2 இன்ச், 70.5 மி.மீ., 162 கிராம், 4000 எம்ஏஎச். சாம்சங்கைவிட விவோவில் 2500 எம்ஏஎச் கூடுதல். அதற்குக் கொடுக்கும் விலை 24 கிராம் எடை, ஒரு மி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலான அகலம். சாம்சங்கின் மிகப் பெரிய எஸ்25 அல்ட்ராவில் இருப்பதே 5000 எம்ஏஎச்தான். 2020-இன் எஸ்20 அல்ட்ராவிலும் அதே 5000.

அந்த 5000-ஐ ஒட்டி ஒரு விதியும் இருக்கிறது. லித்தியம் பேட்டரியை விமானத்தில், கப்பலில் அனுப்பும் விதிகளில் ஒரு செல்லுக்கு (பேட்டரியின் ஓர் அலகுக்கு) 20 வாட்-மணி மின்னாற்றல் என்ற வரம்பு உண்டு. அதற்குள் இருந்தால் நடைமுறை எளிது. 5000 எம்ஏஎச் செல் இந்த வரம்பை ஒட்டி நிற்கும். அதைத் தாண்ட விரும்புகிறவர்கள் பேட்டரியை இரண்டு செல்லாகப் பிரிக்கிறார்கள், அல்லது கூடுதல் நடைமுறையை ஏற்றுக்கொள்கிறார்கள். சில போன்களில் ஒரே பெயரில் சீனாவுக்கு ஒரு பேட்டரியும் வெளிநாட்டுக்குச் சின்னதும் வருவதைப் பார்த்திருப்பீர்கள். வாங்கும்போது இந்தியப் பதிப்பின் எண்ணையே பாருங்கள். ஒன்பிளஸ் 13எஸ்-இன் சீன வடிவமான 13டி-யில் 6260 எம்ஏஎச் இருந்தது.

சரி, இவ்வளவு நல்ல செய்தி இருந்தும் ஏன் மனம் நிறையவில்லை? விலை. மேலே சொன்ன ஒன்பிளஸ் 13எஸ், விவோ எக்ஸ்200 எஃப்இ இரண்டும் ரூ. 54,999-க்கு அறிமுகமானவை. இருபதாயிரம் ரூபாயை ஒட்டிய வரிசையில் இதே வேதியியல் நுழைந்திருக்கிறது, ஆனால் அது வேறு திசையில் போகிறது. 2020-இல் சாம்சங் எம்51 7000 எம்ஏஎச் பேட்டரியோடு 213 கிராம் எடை, 9.5 மி.மீ. தடிமன் இருந்தது. 2025-இல் ரூ. 21,999-இலிருந்து விற்பனைக்கு வந்த ஐகூ இசட்10-இல் 7300 எம்ஏஎச், 199 கிராம், 7.9 மி.மீ. பிரமாதமான முன்னேற்றம். ஆனால் திரை இன்னும் 6.77 இன்ச்தான். கிடைத்த லாபத்தையெல்லாம் தடிமனிலும் எம்ஏஎச் எண்ணிலும் போட்டார்கள், அகலத்தில் ஒரு துளியும் போடவில்லை. 70 மி.மீ. அகலத்தில் 5000 எம்ஏஎச் போட்டு இந்த விலைக்குத் தர இப்போது எந்தத் தொழில்நுட்பத் தடையும் இல்லை. பட்ஜெட் போன் வாங்குகிறவருக்குப் பெரிய எண்தான் வேண்டும் என்று முடிவெடுத்து வைத்திருப்பதுதான் தடை.

எப்படி முடிவெடுப்பது

பேட்டரியைத்தான் முதலில் பார்க்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். உணவு, பார்சல் டெலிவரி செய்கிறவர், வாடகை ஆட்டோவோ காரோ ஓட்டுகிறவர், நாள் முழுக்க ஊர் சுற்றும் விற்பனைப் பிரதிநிதி. இவர்களுக்கு மேப்பும் மொபைல் டேட்டாவும் வெயிலில் முழு ஒளித் திரையும் பத்து மணி நேரம் ஓட வேண்டும், போன் அணைந்தால் அன்றைய வருமானம் போகும். போன் பெரும்பாலும் வண்டியில் மாட்டிய ஹோல்டரில்தான் இருக்கும் என்பதால் அகலம் அவ்வளவு உறுத்தாது. 7000 எம்ஏஎச் பெரிய போனே அவர்களுக்குச் சரி.

அலுவலகத்திலோ வீட்டிலோ கடையிலோ கை எட்டும் தூரத்தில் சார்ஜர் உள்ளவர்கள் கையைப் பார்த்து வாங்கலாம். பயண நாளுக்கு 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று போதும். அதன் மேல் எழுதிய எண் முழுதாகப் போனுக்கு வராது, மின்னழுத்தம் மாறும்போது இழப்பு உண்டு, 6000 அளவுக்கு வந்தால் நல்ல பவர் பேங்க். 4000 எம்ஏஎச் போனை ஒன்றரை தடவை நிரப்ப அது போதும். மொத்த எடையைக் கூட்டினால் பெரிய போனைவிட அதிகம்தான், ஆனால் பவர் பேங்க் பையில் கிடக்கும், விரலில் தொங்காது.

கடைக்குப் போகும் முன் ஒரு அட்டையை எடுத்து, வாங்க நினைக்கும் போனின் நீள அகலத்துக்கு வெட்டிக் கையில் பிடித்துப் பாருங்கள். அந்த அளவுகள் நிறுவனத்தின் இணையதளத்தில் கட்டாயம் இருக்கும். பிடியை மாற்றாமல் கட்டைவிரல் எதிர்ப்பக்க மேல் மூலைக்கு எவ்வளவு நெருங்குகிறது என்பதே கேள்வி. ஐபோனில் பல செயலிகளின் பின்செல்லும் பட்டன் இடது மேல் மூலையில் இருக்கிறது, வலக்கைக்காரருக்கு அதுதான் மிகத் தொலைவான இடம். கடையில் காட்சிக்கு வைத்த போனைத் திருட்டுத்தடுப்புக் கம்பியோடு பிடித்து எடையை முடிவு செய்யாதீர்கள். அதே போன் வைத்திருக்கும் நண்பரிடம் வாங்கி, பேக் கவரோடு பதினைந்து நிமிஷம் ஒரு கையால் வாட்ஸ்அப் அடித்துப் பாருங்கள்.

சின்ன போன் எடுப்பவர்கள் ஒரு விஷயத்தை முன்கூட்டியே கணக்கில் வைக்க வேண்டும்: பேட்டரியின் வயது நாளில் எண்ணப்படுவதில்லை, சுற்றில் (மொத்தம் 100 சதவீத சார்ஜ் செலவானால் ஒரு சுற்று) எண்ணப்படுகிறது. ஐபோன் 14 வரையிலான போன்களுக்கு 500 முழுச் சுற்றுக்குப் பிறகு 80 சதவீதம் மிஞ்சும்படி வடிவமைத்ததாக ஆப்பிள் சொல்கிறது, ஐபோன் 15 முதல் 1000 சுற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூனிலிருந்து 800 சுற்றைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒரு நாளைக்கு ஒன்றேகால் தடவை சார்ஜ் கேட்கும் போன் 500 சுற்றைப் பதின்மூன்று மாதத்தில் முடித்துவிடும். இரண்டு நாளைக்கு ஒரு தடவை கேட்கும் போனுக்கு அதே 500 சுற்று இரண்டே முக்கால் வருஷம் வரும். பழைய மினிகளின் பெயர் கெட்டதில் இதற்கும் பங்குண்டு. வாங்கிய வருஷம் சமாளித்தவர்கள் அடுத்த வருஷம் தடுமாறினார்கள்.

அப்படித் தடுமாறும் மினியோ ஜென்போனோ கையில் இருந்தால், அவசரப்பட்டுப் பெரிய போனுக்கு மாற வேண்டாம். அமைப்புகளில் பேட்டரி ஆரோக்கியம் 80 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் பேட்டரியை மட்டும் மாற்றுங்கள், புது போனின் விலையில் அது சிறு பங்குதான். சிக்னல் பலவீனமான இடத்தில் 5ஜி-யை அணைத்து 4ஜி-யில் வையுங்கள். ஜென்போன் போல 120 ஹெர்ட்ஸ் திரை (நொடிக்கு 120 தடவை படத்தைப் புதுப்பிப்பது) உள்ள போனில் அதை 60-க்கு இறக்குங்கள். அன்றாடத்துக்கு அது போதவில்லையென்றால், அப்போது 72 மி.மீ.க்குள் இருக்கும் சிலிக்கான்-கார்பன் போன்களின் பக்கம் போகலாம். ஒன்பிளஸ், விவோவைப் போலவே ஷாவ்மியும் 2025-இல் 15 என்ற பெயரில் 71.2 மி.மீ. அகலத்தில், 5240 எம்ஏஎச் பேட்டரியோடு இந்தியாவில் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது.